காரீயமும் செம்பும்

குண்டு என்னும் ஒரே சொல்லைத் தமிழர் எத்தனை பொருளில் வழங்குகிறோம் என்று மாணவ நண்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் பாரம் குண்டு. பீரங்கியிலிருந்து பாய்வதும் குண்டு. விளையாட்டு விழாவில் எறிவதும் குண்டு. தட்டான் எடை பார்க்கும் குன்றிமணி, வழக்கில் குண்டுமணி. ரவை என்னும் சொல்லும் அப்படியே. சிற்றுண்டிக்கு உதவும் கோதுமைக் குறுநொய்யும் ரவை. வேட்டைத் துப்பாக்கியிலிருந்து சிதறும் சிறு மணியும் ரவை. மொழி இவற்றை ஒரே கூட்டில் அடைத்து வைத்திருப்பது தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் பழவேற்காட்டுக் கரையில் வலைக்குண்டும் துப்பாக்கிக் குண்டும் ஒரே உலோகத்தாலேயே ஆகி வந்தன. அந்த உலோகம் காரீயம். அதன் இடத்தை இப்போது மேல்நாடுகளில் செம்பு பிடித்து வருகிறது. இந்த மாற்றத்தின் கதையைத்தான் இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். ஈயம் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு உலோகங்கள். பாட்டிமார் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் பூச்சும் வெள்ளீயம். வலையில் தொங்குவதும், துப்பாக்கிக் குண்டாவதும், மோட்டார் வண்டியின் மின்கலத்தில் இருப்பதும் காரீயம். முன்னது உணவோடு சேரத் தக்கது. பின்னது நஞ்சு. நம் முன்னோர் வெள்ளை, கருமை என்று அடைமொழியிட்டுத் தெளிவாகவே பிரித்திருந்தார்கள். அடைமொழியை உதறிவிட்டுப் பேசத் தொடங்கியவர்கள் நாம்தாம். இனி இப்பேச்சில் ஈயம் என்றால் காரீயமே என்று கொள்க.

பழவேற்காட்டு ஏரி தமிழ்நாட்டிற்கும் ஆந்திரத்திற்கும் இடையே பரந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. கடலோடு அது கலக்கும் தென்முனையில் நம்முடைய பழவேற்காடு இருக்கிறது. சுற்றிலும் மீனவக் குப்பங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவற்றில் பாடு என்னும் ஒழுங்குமுறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை கட்டும் உரிமை இன்னார்க்கு என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம் தன் பெயரிலேயே ஒரு கோட்டையைச் சுமந்து நிற்கிறது பாருங்கள். நம் கதை தொடங்குவது அந்தக் கோட்டையில்தான்.

போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு வந்துவிட்டனர். அவர்களுக்கு நூறாண்டு பிந்தி வந்த டச்சுக்காரர், விஜயநகர மரபின் வேங்கடபதி இராயரிடம் 1610-இல் உடன்படிக்கை பெற்று இங்கே வணிகம் தொடங்கினர். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கினர். மறு ஆண்டே, 1613-இல், அவ்விடத்தில் கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரை பழவேற்காடாகவே இருந்தது. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் அகழியின் சுவடும் புதருமே காணப்படும். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் அழியவில்லை. அதன் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் எல்லாரும் அவற்றின் அருகேதான் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும், நானும் நின்றிருக்கிறேன்.

துணிக்காக வந்தவர்கள் டச்சுக்காரர். பழவேற்காட்டில் வண்ணமிட்ட துணிக்குக் கீழ்த்திசைத் தீவுகளில் பெருமதிப்பு இருந்தது. அதைக் கொடுத்து அங்கே மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கலாம். இவ்வளவும் பாடநூலில் உண்டு. பாடநூல் அவ்வளவாகச் சொல்லாத இரண்டு செய்திகள் உள. அந்தக் கப்பல்களில் துணி மூட்டைகளோடு விலைக்கு வாங்கப்பட்ட மனிதரும் அடிமைகளாக ஜாவாவுக்கு ஏற்றப்பட்டனர். இது ஒன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர் ஒரு வெடிமருந்துச் சாலை நடத்தினர் என்பது மற்றொன்று. வெடியுப்பு, கந்தகம், மரக்கரி மூன்றும் கலந்து அரைத்த மருந்து இங்கிருந்து மரக்கலமேறிப் பதாவியாவுக்கும் மற்றக் கீழ்த்திசைக் கோட்டைகளுக்கும் போயிற்று. தாயகம் திரும்பும் கப்பல்களும் இங்கேயே தங்கள் மருந்தை நிரப்பிக்கொண்டன. பல பத்தாண்டுகள் டச்சுக்காரரின் ஆசியப் போர்களுக்கு மருந்து கொடுத்த ஊர்களில் நம் மீனவர் வாழும் இந்தச் சிற்றூர் முதன்மையானது.

மருந்து இங்கே விளைந்தது. அதனால் உந்தப்படும் குண்டு எங்கிருந்து வந்தது? ஈயம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. ஆங்கிலக் கம்பெனியின் இறக்குமதிச் சரக்கில் கம்பளித் துணியோடு ஈயமும் நிலையான இடம் பெற்றிருந்தது. ஈயம் இக்கரைக்குப் புதிதன்று. கப்பல் உருவம் பொறித்த ஈயக் காசுகளைச் சாதவாகன மன்னர் ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்டனர். அவை இந்தக் கிழக்குக் கரையில் கிடைத்திருக்கின்றன. காசாக இருந்த உலோகம் பின்னர் குண்டாயிற்று.

செம்பு வந்த வழி வேறு. ஐரோப்பியரில் டச்சுக்காரருக்கு மட்டுமே ஜப்பான் தன் கதவைத் திறந்து வைத்திருந்த காலம் அது. 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தில் தெஷிமா என்னும் சிறு தீவில் அவர்கள் அடைபட்டு வாணிகம் செய்தனர். அங்கிருந்து அவர்கள் ஏற்றிவந்த சரக்குகளில் முதன்மையானது செம்புக் கட்டி. ஒசாகாவின் சுமித்தோமோ குடும்பத்தார் இதைச் சுத்திகரிப்பதில் புகழ் பெற்றவர்கள். உருக்கிய செம்பை வெந்நீருக்குள் இருக்கும் அச்சில் வார்ப்பார்களாம். அதனால் கட்டியின் மேல்தோல் செக்கச் சிவந்து பளபளக்கும். அவர்கள் வழியில் ஈயத்திற்கும் ஒரு வேலை இருந்தது. செம்பில் கலந்திருக்கும் வெள்ளியைப் பிரிக்க, அதில் ஈயத்தைச் சேர்த்து உருக்குவார்கள். வெள்ளி செம்பைவிட்டு ஈயத்தோடு போய்விடும். பின்னர் ஈயத்திலிருந்து வெள்ளியை எடுப்பார்கள். இந்தச் சிவந்த கட்டிகள் சோழமண்டலக் கரையில் இறங்கி, கன்னாரின் கையில் குடமும் குத்துவிளக்கும் ஆயின. பழவேற்காட்டு நாணயசாலையில் காசாயின. அக்காசுகளில் டச்சுக் கம்பெனியின் முத்திரையாக வி, ஓ, சி என்னும் மூன்று ரோமன் எழுத்துகள் பின்னிக் கிடக்கும். நம் மாணவர்க்கு அவ்வெழுத்துகளைக் கண்டால் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய சிதம்பரம் பிள்ளை அவர்களே நினைவுக்கு வருவார். கப்பல் வணிகர் இருவர்க்கும் ஒரே மூன்று எழுத்து அமைந்தது வரலாற்றின் குறும்பு என்று வகுப்பில் சொல்வேன். பின்வரிசையில் இருப்பவனும் நிமிர்ந்து பார்ப்பான்.

ஆக, ஒரே துறையில் இரண்டு உலோகமும் இறங்கின. ஒன்று காசாகவும் பாத்திரமாகவும் போயிற்று. மற்றொன்று குண்டாகப் போயிற்று. ஏன்? விலை ஒரு காரணம். செம்பு விலை உயர்ந்தது. அதைவிட ஆழ்ந்த காரணம் வெப்பத்தில் இருக்கிறது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். செம்பு உருக 1085 பாகை வேண்டும். விறகடுப்பின் தணலில் முன்னது உருகும், பின்னது உருகாது. செம்பை உருக்கத் துருத்தி வேண்டும், மூசை வேண்டும், பழகிய கை வேண்டும். சுவாமிமலைச் சிற்பியர் மெழுகுக் கருவைச் சுற்றி மண் பூசி, உலைமூட்டி, செம்பு மிகுந்த உலோகத்தை வார்த்துத் திருமேனி சமைக்கும் இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தவர்க்கு இது விளங்கும். அது பட்டறையின் வேலை. ஈயமோ அடுப்பங்கரையின் வேலை. அன்றியும், ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9-க்குச் சற்றுக் குறைவு. சிறிய உருவில் மிகுந்த பாரம் ஈயத்துக்கே உண்டு. நகத்தால் கீறினால் தழும்பு விழும் மென்மையும் உண்டு. வலைஞனும் படைவீரனும் தேடியது இதே மூன்று குணங்களைத்தான்.

ஆகவே ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் உலகெங்கும் குண்டு செய்யும் தொழிற்சாலை வீடாகவே இருந்தது. கைத்துப்பாக்கியோடு ஓர் அச்சையும் சேர்த்தே விற்பது ஐரோப்பாவில் வழக்கம். வீரன் பாசறைத் தீயில் தன் குண்டைத் தானே வார்த்துக்கொள்வான். இதற்கு வரலாற்றில் ஒரு சுவையான சான்று உண்டு. 1770-இல் நியூயார்க் நகரில் ஆங்கில மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு, பொன்முலாம் பூசிய ஈயச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. 1776 ஜூலை 9 அன்று விடுதலைப் பிரகடனம் படிக்கக் கேட்ட மக்கள் கூட்டம் அதைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தியது. உடைந்த துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்து லிச்ஃபீல்டு என்னும் ஊருக்கு வண்டியேறிப் போயிற்று. அங்கே ஆலிவர் வோல்காட் என்பவர் வீட்டுத் தோட்டத்தில் அவருடைய மகனும் மகள்களும் அண்டை வீட்டுப் பெண்களும் கூடி அதை உருக்கி 42,088 குண்டுகள் வார்த்தனர். யார் யார் எத்தனை என்று கணக்கும் எழுதி வைத்தனர். மன்னரின் சிலை மன்னரின் படைமீதே பாய்ந்தது என்று அமெரிக்கப் பிள்ளைகள் இன்றும் பெருமையோடு படிக்கிறார்கள். அந்தப் பெருமையில் நான் குறுக்கிட விரும்பவில்லை. எனினும் அந்த ஈயப் புகையைச் சிறுவரும் சிறுமியரும் நாள்தோறும் சுவாசித்தார்கள் என்பதை அந்தக் கணக்கேடு சொல்லாது.

நம் நாட்டில் வீட்டுக்குண்டின் காலத்தை முடித்து வைத்தது அரசாணை. பாளையக்காரர் போரும் மருது சகோதரர் எழுச்சியும் அடக்கப்பட்டபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிரபு தென்பாளையங்களின் மக்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிக்கை விட்டார். 1878-இல் லிட்டன் பிரபுவின் சட்டம் நாடு முழுவதும் உரிமம் கட்டாயம் என்றது. விடுதலைக்குப்பின் 1959-இல் நாமே இயற்றிக்கொண்ட படைக்கலச் சட்டமும் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. சில மேல்நாடுகளில் பொழுதுபோக்காகவே வீட்டில் குண்டு செய்யும் வழக்கம் இருப்பதைக் கேள்விப்படும் நம் இளைஞர், நம் மண்ணில் அதற்குச் சட்டம் இடம் தராது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நிற்க. வீட்டிலிருந்து குண்டு ஆலைக்குப் போன வரலாறும் சிறிது பார்ப்போம். 1782-இல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் என்பவர், உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து நீர்த்தொட்டியில் விழவிட்டால் துளிகள் வழியிலேயே உருண்டை மணிகளாக இறுகும் என்று கண்டு காப்புரிமை பெற்றார். மழைத்துளி உருளுவது எந்த விதியாலோ அதே விதியால் இதுவும் உருளும். இதற்காகவே ஐரோப்பாவில் கோபுரங்கள் எழுந்தன. வேட்டை ரவை மலிந்தது. அடுத்த நூற்றாண்டில் புகையில்லா மருந்து வந்தது. குண்டின் வேகம் பெருகியபோது மெல்லிய ஈயம் துப்பாக்கிக் குழாயின் உள்வரிகளில் உரிந்து ஒட்டத் தொடங்கிற்று. 1882-இல் சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்புச் சட்டை அணிவித்தார். செம்பு குண்டின் உலகுக்குள் முதலில் நுழைந்தது மேலாடையாகத்தான். அந்தச் சட்டையின் நுனியைத் திறந்துவிட்டால் குண்டு உடலுக்குள் மலர்ந்து சிதைக்கும் என்று 1890-களில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலச் சாலையில் கண்டனர். அக்கொடுமையை 1899-இல் ஹேக் மாநாடு தடை செய்தது. ஊரின் பெயர் அகராதிகளில் ஏறி நிலைத்துவிட்டது. வங்காளத்தார் அதை விரும்பியிருக்க மாட்டார்கள். ஈயமே இல்லாமல், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செம்பாலான கட்டியை இழைத்துக் குண்டாக்கியவர் பிரெஞ்சுக்காரர்; 1898-இல் தங்கள் படைக்கு அதை ஏற்றுக்கொண்டனர். வார்த்த குண்டன்று அது, கடைசல் பொறியில் கடைந்த குண்டு. செம்பைக் குண்டாக்க வேண்டுமாயின் அடுப்பை விட்டுப் பொறியிடம் போயே ஆக வேண்டும். நான் முன்பு சொன்ன 327-க்கும் 1085-க்கும் உள்ள இடைவெளி அப்போதும் மாறவில்லை.

இந்தச் செம்புக் குண்டைப் படையினர் பெரிதாகப் போற்றவில்லை, ஈயம் மலிவாயிற்றே. அதை மீண்டும் நூறாண்டுக்குப் பின் அழைத்து வந்தவை பறவைகள்.

பறவைக்கும் குண்டுக்கும் உள்ள பகையில் நம் செங்கற்பட்டுச் சீமைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டனர். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலமாகவே அவர்களுக்கு அவர் வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். அவர்கள் அஞ்சியது குண்டு பட்டுச் சாகும் பறவைக்காக. குண்டு படாமலே குண்டால் சாகும் பறவையை அன்று எவரும் அறியார்.

பறவைக்குப் பல் இல்லை. விழுங்கிய இரையை அரைக்க அதன் வயிற்றில் தசை தடித்த அரைவைப்பை ஒன்று இருக்கிறது. அதில் அம்மிபோல் உதவச் சிறு கற்களைப் பறவை பொறுக்கி விழுங்கும். நீரடியில் கிடக்கும் ஈய ரவைக்கும் கூழாங்கல்லுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. அரைவைப்பையில் ஈயம் தேய்கிறது, வயிற்றின் அமிலத்தில் கரைகிறது, குருதியில் ஏறுகிறது. சிறகு துவண்டு, உண்ண மாட்டாமல், எலும்பும் தோலுமாகிப் பறவை இறக்கிறது. இதை 1894-இலேயே அமெரிக்க இயற்கையறிஞர் ஜார்ஜ் பேர்டு கிரின்னல் எழுதினார். 1959-இல் ஃபிராங்க் பெல்ரோஸ் என்பவர், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுதோறும் இவ்வாறே மடிகின்றன என்று கணக்கிட்டார். அதற்குப்பின் முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1991-இல்தான், நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அந்நாடு முற்றாக விலக்கிற்று. அறிவு முன்னே நடக்க, சட்டம் பின்னே ஊன்றுகோலோடு வருவது எந்நாட்டுக்கும் பொது.

ரவைக்கு மாற்று எஃகாயிற்று. பெருவிலங்கு வேட்டைக்கான குண்டுக்கு மாற்றாகத்தான் முழுச்செம்பு வந்தது. கலிஃபோர்னியாவில் காண்டோர் என்னும் மாபெரும் பிணந்தின்னிக் கழுகு 1982-இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. வேட்டைக்காரர் விட்டுச் சென்ற உடலங்களை அது உண்ணும். ஈயக் குண்டு பட்ட இடத்தில் நுண்துகள்களாகச் சிதறும். அத்துகள்களே கழுகைக் கொன்றன. செம்புக் குண்டோ பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்கும். காண்டோர் வாழும் பகுதியில் 2008 முதலும், மாநிலம் முழுவதும் 2019 ஜூலை முதலும் வேட்டையில் ஈயத்தைக் கலிஃபோர்னியா தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் சதுப்பு நிலங்களில் ஈய ரவையை 2023 பிப்ரவரியில் விலக்கியது. செம்பும் நீருயிர்க்கு முழு நண்பன் அன்று. செம்பின் உப்பாகிய மயில்துத்தத்தைப் பாசி கொல்லப் பயன்படுத்துவது நாம் அறிந்ததே. ஆனால் உண்ட பறவையை ஈயம்போல் அது வீழ்த்துவதில்லை.

பழவேற்காட்டில் வேட்டை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியை ஏரியிலிருந்து விலக்கிவிட்டது. ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. மாரிக்காலம் முடிந்து நீர் வற்றும்போது பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து, அலகைக் கவிழ்த்து வைத்துச் சேற்றை அலசி இரை தேடும். எதிர்க்கரையாகிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்கலம் முழங்கிக்கொண்டு எழும். அப்படியானால் குண்டின் கதைக்கும் இன்றைய பழவேற்காட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

தொடர்பு, நான் தொடக்கத்தில் சொன்ன மற்றொரு குண்டில் இருக்கிறது. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்று அன்னங்கள் அருகி வந்தபோது அவற்றின் வயிற்றை ஆராய்ந்தனர். அங்கே இருந்தது துப்பாக்கி ரவையன்று; தூண்டிற்காரர் கயிற்றில் கட்டும் சிறு ஈயமணி. 1987-இல் அவ்வகைச் சிறு ஈயப் பாரங்களின் விற்பனை தடை செய்யப்பட்டது. அன்னங்கள் மீண்டும் பெருகின. பூநாரைகூட இதற்கு விலக்கன்று. மெக்சிகோவின் யுக்காத்தான் கரையிலும் ஸ்பெயின் நாட்டிலும் ஈய ரவையை விழுங்கிப் பூநாரைகள் இறந்தது பதிவாகியிருக்கிறது. சேற்றை அலசும் அலகு, சேற்றில் கிடப்பதையெல்லாம் அள்ளும்.

பறவையைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஈயம் வீட்டடுப்பில் உருகும் என்பது லிச்ஃபீல்டுக்கு மட்டுமன்று, குப்பத்துக்கும் பொருந்தும். அறுந்த வலையின் பழைய குண்டுகளையும் காயலான் கடையில் வாங்கிய ஈயத் துண்டுகளையும் உருக்கிப் புதுக்குண்டு வார்ப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். குழந்தையின் உடலில் ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். வளரும் மூளையை அது தாக்குகிறது. படிப்பு ஏறாமல் செய்கிறது. பெட்ரோலில் ஈயம் கலப்பதை நம் நாடு 2000-இல் நிறுத்தியதற்கும் இதுவே காரணம். முப்பத்துநான்கு ஆண்டு வகுப்பறையில் நின்றவனுக்கு, கவனம் நிலைக்காத ஒரு பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழாமல் இராது.

என் பழைய மாணவன் ஒருவன் இப்போது குப்பத்தில் குடும்பஸ்தன். இரண்டு பிள்ளைகள். அவன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஈயம் உருகிக்கொண்டிருந்தபோது இவற்றையெல்லாம் அவனிடம் சொன்னேன். இங்கிலாந்தில் அன்னம் பிழைத்த கதையையும் சேர்த்தே சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இரும்பு போட்டா இந்த உப்புத் தண்ணியில ஒரு வருசம் தாங்காது. துரு புடிச்சு வலையையும் சேர்த்துத் தின்னும். கல்லு கட்டினா நூலு அறுந்துபோவும். எங்க தாத்தா மண்ணுல சுட்ட குண்டு போட்டாரு. அது மோதி மோதி ஒடையும். வேற என்ன போடட்டும், நீங்களே சொல்லுங்க" என்றான்.

"செம்பு போடலாமே, தம்பி?" என்றேன்.

"செம்பா? வலையோட வெலையே அவ்ளோ இல்ல சார். போட்டாலும் ராத்திரியே எவனாவது குண்டை அறுத்துக்கினு போயி எடைக்குப் போட்டுருவான்" என்று சிரித்தான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. மேல்நாட்டு வேட்டைக்காரன் ஓராண்டில் சுடும் குண்டுகள் சில; அவனுக்குச் செம்பு கட்டுபடியாகும். வீச்சுவலை ஒன்றின் விளிம்பிலேயே ஈயமணிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். சட்டத்தால் தடுத்துவிட்டு மாற்று எதையும் கையில் கொடுக்காமல் போனால் பாடு வாங்கிப் பிழைப்பவன் என்ன செய்வான்? சுட்டமண் குண்டு உடையாதிருக்க மண்ணின் கலவையையும் சூளையின் வெப்பத்தையும் ஆராய்வது நம் பொறியியல் கல்லூரிகளுக்கு அரிய செயலன்று. நம் நாட்டு அகழாய்வுகளில் சுட்டமண் வலைக்குண்டுகள் உருக்குலையாமல் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் சுட்டவர்களுக்கு அளக்கும் கருவி ஒன்றும் இருக்கவில்லை. உருக்குவதைத் தவிர்க்க முடியாத வரையில், ஈயத்தை வீட்டுக்கு வெளியே, காற்றடிக்கும் வெளியில், பிள்ளைகள் அண்டாத இடத்தில் உருக்கலாம். சமைக்கும் பாத்திரத்தையும் அடுப்பையும் அதற்கு ஒருபோதும் எடுக்கலாகாது. கையைச் சோப்பிட்டுக் கழுவி, உடை மாற்றியபின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். இவ்வளவையும் அவனிடம் சொன்னேன்; அவன் மனைவியிடம் மறுபடியும் சொன்னேன்.

சென்ற மாதம் போனபோது அடுப்பு தாழ்வாரத்தில் இல்லை. தெருவைத் தாண்டி, படகுகளை இழுத்து வைக்கும் மணல்மேட்டில் மூன்று கல் வைத்திருந்தான். மழை நாட்களில் எங்கே உருக்குகிறான் என்று இன்னும் நான் கேட்கவில்லை.